வெடித்த துப்பாக்கிக்கு மாற்றுத் துப்பாக்கி

கடையில் வாங்கிய கடிகாரம் ஒரு மாதத்தில் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? காரண்டிச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய் நிற்கிறோம். கடிகாரம் நின்றால் மணி தெரியாமல் போகும், பெரிய மோசமில்லை. வாங்கிய சாமான் துப்பாக்கியாக இருந்து, எதிரியை நோக்கி வெடிப்பதற்குப் பதிலாகப் பிடித்த கையிலேயே அது சிதறிவிட்டால்? சீட்டை நீட்டுவதற்குக் கை இருக்குமா என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

இது வேடிக்கைக்குக் கேட்ட கேள்வி அல்ல. 1847-ஆம் ஆண்டில், அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் நடந்த யுத்தத்தில், உண்மையாகவே எழுந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் சாமுவேல் கோல்ட்.

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் 1814-ல் பிறந்தவர் கோல்ட். பதினாறு வயதில் 'கார்வோ' என்ற கப்பலில் ஏறி நம் கல்கத்தாவுக்குப் பயணப்பட்டார். அந்தப் பயணத்தில் கப்பலின் சுக்கான் சக்கரம் சுழல்வதைப் பார்த்துத்தான் சுழல் துப்பாக்கி யோசனை அவருக்கு உதித்தது என்பார்கள். சக்கரத்தின் கதை எப்படியோ, கப்பலில் அவர் மரத்தில் செதுக்கிய மாதிரி மட்டும் மெய்தான். ஊர் திரும்பியதும் கையில் காசில்லை. ஊர் ஊராகப் போய்ச் சிரிப்பூட்டும் வாயுவை ஜனங்களுக்கு முகரக் கொடுத்துக் காட்சி நடத்தினார். விளம்பரத்தில் தமக்குத் தாமே 'நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டார்! பேர்வழி லேசுப்பட்டவர் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1836-ல் காப்புரிமை பெற்று, நியூஜெர்ஸியில் பேட்டர்ஸன் என்னும் ஊரில் தொழிற்சாலை வைத்தார். ராணுவம் திரும்பிப் பார்க்கவில்லை. 1842-க்குள் கம்பெனி திவாலாயிற்று.

ஆனால் விற்ற துப்பாக்கிகளில் சில டெக்ஸாஸ் காவற்படையினரின் கைக்குப் போயிருந்தன. 1844-ல், பதினைந்து பேர் கொண்ட ஒரு சிறு கூட்டம், தன்னைப்போல் பல மடங்கு இருந்த கொமாஞ்சி வீரர்களை அவற்றைக் கொண்டு எதிர்த்து நின்றது. அந்தச் சண்டையில் இருந்தவர்களில் ஒருவர் சாமுவேல் வாக்கர். மெக்ஸிகோ யுத்தம் மூண்டதும், காப்டன் வாக்கர் கோல்ட்டைத் தேடிப் பிடித்தார். ஐந்து குண்டு போதாது, ஆறு வேண்டும். மனிதனானாலும் குதிரையானாலும் அடிபட்டால் எழுந்திருக்கக் கூடாது. இதுதான் அவர் விருப்பத்தின் சாரம். 1847 ஜனவரியில் 1,000 துப்பாக்கிகளுக்கு அரசாங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோல்ட்டிடம் அப்போது ஒரு பட்டறைகூட இல்லை! பருத்தி கடையும் இயந்திரத்தால் புகழ்பெற்ற எலை விட்னியின் மகன், தம் தொழிற்சாலையில் அவற்றைச் செய்து கொடுக்க இசைந்தார்.

செய்து முடித்த சாமானைத் துப்பாக்கி என்பதா, சிறு பீரங்கி என்பதா? எடை நாலரைப் பவுண்டுக்கு மேல். குழலின் நீளம் 9 அங்குலம். இடுப்பில் செருகினால் மனிதன் ஒருபக்கம் சாய வேண்டியதுதான். ஆகவே சேணத்தில் மாட்டினார்கள். உருளையின் ஒவ்வோர் அறையிலும் 60 கிரெயின் வெடிமருந்து கெட்டிக்கலாம். பின்னால், 1860-ல், அதே கம்பெனி ராணுவத்துக்குச் செய்த துப்பாக்கிக்கு 30 கிரெயின் அளவே வழக்கமாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து இரும்பு அவ்வளவு வேகத்தைத் தாங்கவில்லை. உருளைகள் பிளந்தன. போதாக்குறைக்கு, கூம்பு வடிவக் குண்டை எந்தப் பக்கம் முன்னே வைப்பது என்று தெரியாமல், பல சிப்பாய்கள் கூர் முனையைக் கீழ்நோக்கிப் போட்டுக் கெட்டித்தார்கள். இடம் மிஞ்சியதால் மருந்தும் அதிகம் விழுந்தது. சுட்ட அதிர்ச்சியில் கெட்டிக்கும் நெம்புகோல் தானே கீழே விழுந்து உருளையைச் சுழலவிடாமல் தடுத்ததும் உண்டு. சிப்பாய்கள் அதைத் தோல்வாரால் குழலோடு கட்டிவைத்துக்கொண்டார்கள். ஆயிரத்தில் ஏறக்குறைய 300 பழுதாகித் திரும்பின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

வாக்கர் இந்தப் புகார்களையெல்லாம் கேட்கவில்லை. கோல்ட் அன்பளிப்பாக அனுப்பிய ஜோடி அவர் கைக்குக் கிடைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. 1847 அக்டோபர் 9-ந் தேதி ஹுவமாந்த்லாவில் சுடப்பட்டு இறந்தார்.

இப்போது கோல்ட்டின் நிலையை யோசியுங்கள். காரண்டிச் சீட்டு என்ற வழக்கம் அன்று கிடையாது. வாங்குகிறவன் கண்ணை விழித்துக்கொண்டு வாங்க வேண்டும் என்பதே வியாபார தர்மம். அரசாங்கத்துப் பரிசோதகர் பார்த்து முத்திரை குத்தி ஏற்றுக்கொண்ட சரக்கு. 'உங்கள் ஆள் குண்டைத் தலைகீழாகப் போட்டான், நான் என்ன செய்வேன்?' என்று கோல்ட் கையை விரித்திருக்கலாம். அதில் பாதி நியாயமும் இருந்தது. அப்படி வாதாடியிருந்தால் இரண்டாவது தடவையும் அவர் கடை மூடியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மெக்ஸிகோவிலிருந்து ஊர் திரும்பும் ஒவ்வொரு சிப்பாயும் ஒரு விளம்பரம் அல்லவா? காட்சி நடத்திப் பிழைத்தவருக்கு அது தெரியாதா!

1847 முடிவதற்குள் இன்னும் ஆயிரத்துக்கு ஆர்டர் வந்தது. ஹார்ட்ஃபோர்டில் சொந்தப் பட்டறை போட்டார். 'டிராகூன்' என்று பெயர் பெற்ற புது மாதிரியில், பழைய குறைகள் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் இருந்தது. உருளையைக் குட்டையாக்கி மருந்தின் அளவைக் குறைத்தார். குழலை ஏழரை அங்குலமாக வெட்டினார். நெம்புகோல் விழாமல் இருக்க அதன் நுனியில் ஒரு கொக்கி வைத்தார். சிப்பாய் தோல்வாரால் செய்த வேலையை இப்போது இரும்பு செய்தது. மனிதனைத் திருத்துவதைவிடச் சாமானைத் திருத்துவது சுலபம் என்று கண்டுகொண்டார் போலும்.

இந்த இரண்டு மாதிரிகளுக்கும் நடுவே ஒரு சிறு தொகுதி உண்டு. சுமார் 300 துப்பாக்கிகள். வாக்கர் மாதிரியின் மிச்சப் பாகங்களும் அவற்றில் சேர்ந்திருக்கின்றன. களத்தில் வெடித்துப் போனவற்றுக்கு மாற்றாக ராணுவத்துக்குக் கொடுப்பதற்கென்றே செய்தவை இவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பழுதானவை 300, மாற்றாகச் செய்தவையும் 300 என்று கணக்கு ஒத்துவருவதைப் பாருங்கள்.

அந்த வாக்கர் துப்பாக்கிகளில் ஒவ்வொன்றிலும் எந்தப் படைப்பிரிவுக்கு எத்தனையாவது என்று எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தார்கள். ஏ முதல் டி வரை நான்கு பிரிவுகளுக்கு 220 வீதம், இ பிரிவுக்கு 120, ஆக ஆயிரம். வெளியார் வாங்கவும் பரிசளிக்கவும் இன்னும் 100 செய்திருந்தார்கள். பிழைத்துக் கிடந்த இந்த நூறில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது, 18 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. வாங்கியவர் அதில் மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்திருக்கமாட்டார்.