கணினியின் துபாஷி

பொருள்கள் இருவகையாகப் பயன் இழக்கின்றன. தேய்ந்தும் முறிந்தும் பயன் இழப்பது ஒன்று. தாம் பழுதின்றி இருந்தும், தம்மைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டமையாற் பயன் இழப்பது மற்றொன்று. கணினியோடு இணைத்து வழங்கும் அச்சுப்பொறி, ஸ்கேனர் முதலிய கருவிகளின் வரலாற்றில் இரண்டாவது வகைக்குச் சான்றுகள் பல உள.

இதன் காரணத்தை உணர்தற்கு, கணினி தன் கருவிகளோடு உரையாடும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி ஆள்வது இயங்குதளம் என்னும் மென்பொருள். கருவிகளுக்கோ, அவற்றை ஆக்கியோர் வகுத்த தனித்தனி மொழிகள் உண்டு. இயங்குதளத்தின் கட்டளையைக் கருவிக்கும், கருவியின் விடையை இயங்குதளத்துக்கும் பெயர்த்துரைக்கும் சிறு மென்பொருளே 'டிரைவர்' எனப்படுவது. பிறநாட்டு வணிகருக்கும் ஊராருக்கும் இடையே நின்ற துபாஷியின் தொழிலே இதன் தொழிலுமாகும். துபாஷி இல்லாதவிடத்துப் பேச வல்லவரும் ஊமையரே.

1980களில் டொஸ் இயங்குதளம் வழங்கிய காலத்தில், கடிதம் எழுதும் மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென அச்சுப்பொறித் துபாஷிகளை வைத்திருந்தது. விண்டோஸ் பரவியபோது அந்த நிலை மாறியது. கருவி ஒன்றுக்கு இயங்குதளத்தில் ஒரு துபாஷி அமைந்தால், எல்லா மென்பொருள்களும் அதனையே பயன்படுத்தலாம் என்றாயிற்று. இது பெரியதொரு வசதி. ஆனால், இயங்குதளம் தன் உள்ளமைப்பை மாற்றும்போது துபாஷியையும் மாற்றவேண்டும் என்னும் கடப்பாடும் இதனோடு கூடவே வந்தது.

அக்கடப்பாட்டின் சுமை 2007ஆம் ஆண்டிற் பலருக்கும் தெரியவந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பின், ஐந்தாண்டுக்கும் மேலான இடைவெளியில், 2007 ஜனவரி 30இல் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களின் கைக்கு வந்தது. அதில் ஒலிக்கும் திரைக்கும் உரிய உள்ளமைப்புகள் புதிதாக வகுக்கப்பட்டிருந்தன. அதன் 64 பிட் பதிப்பு, 32 பிட்டுக்கென எழுதிய டிரைவர்களை ஏற்கவில்லை. இயங்குதளத்தின் கருப்பகுதியில் இயங்கும் டிரைவர் ஒவ்வொன்றும் இலக்கமுறைக் கையொப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. தீய மென்பொருள் டிரைவர் வேடம் பூண்டு உள்ளே புகுதலைத் தடுப்பதற்கு அவ்விதி வேண்டியிருந்தது. எனினும், முதல் நாள் வரை குறைவின்றி உழைத்த அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும் பல மேசைகளில் வாயடைத்து நின்றன.

புதிய டிரைவரை எழுதவேண்டியவர் கருவியை ஆக்கிய நிறுவனத்தார். பல்லாண்டுக்கு முன் விற்றுத் தீர்ந்த கருவிக்காக இன்று உழைப்பதால் அவர்க்கு வருவாய் இல்லை. புதிய கருவியை விற்பதாலோ வருவாய் உண்டு. ஆதலின், பழைய கருவிகள் பலவற்றுக்குப் புதிய டிரைவர் எழுதப்படவில்லை. அக்கருவியின் மொழியைப் பிறர் கற்று எழுதலாமெனின், அம்மொழியின் இலக்கணம் பெரும்பாலும் வெளியிடப்படவில்லை.

2009இல் வந்த விண்டோஸ் 7 ஒரு மாற்று வழியைத் தந்தது. அதன் சில பதிப்புகளில், புதிய வீட்டினுள்ளே பழைய அறையொன்றைப் பேணுவது போல, எக்ஸ்பியை ஒரு சாளரத்துள் இயக்க இயன்றது. பழைய யூஎஸ்பி கருவிகள் சிலவற்றை அங்கே இணைக்கவும் முடிந்தது. 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பிக்குரிய பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றபோது, அந்த அறை காவலற்றதாயிற்று.

இதற்கு வேறானதொரு நெறியை லினக்ஸ் கைக்கொண்டது. பின்லாந்தின் மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இவ்வியங்குதளத்தின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியது. டிரைவர்களின் நிரல்களும் பெரும்பாலும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. உள்ளமைப்பை மாற்றுவோர், அம்மாற்றத்துக்கேற்ப அங்குள்ள டிரைவர்களையும் திருத்துதல் அங்கு மரபு. ஆகவே, ஆக்கிய நிறுவனம் கைவிட்ட கருவியும், ஏன், நிறுவனமே மறைந்துபோன கருவியும் அங்கே தொடர்ந்து பேச இடமுண்டு.

அங்கும் முதுமைக்கு எல்லை இல்லாமலில்லை. டோர்வால்ட்ஸ் லினக்ஸை முதலில் எழுதியது இன்டெல் 386 செயலி கொண்ட கணினியிலேயாகும். அந்த 386க்குரிய ஆதரவே 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. பயன்படுத்துவோர் அருகியபின்னும் அதனைப் பேணுவது பெருஞ்சுமையாயிற்று என்பதே காரணம். ஆயினும் அம்முடிவும் அதன் காரணமும் யாவரும் அறிய வெளியாயின. பழைய பதிப்பின் நிரலும் வேண்டுவோர்க்கு இன்றும் கிடைக்கின்றது.

அண்மையிற் கருவிகளைக் கடந்து கணினிகளுக்கே இந்நிலை நேர்ந்தது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறித்த சில தலைமுறைச் செயலிகளையும் வேண்டி நின்றது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு முடிவுற்றது. இடையே அகப்பட்டவை, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணினிகள். அவற்றுட் பல லினக்ஸை ஏற்று மீண்டும் பணிபுரிய வல்லவை.

ஒரு கருவியை விலைகொடுத்து வாங்குவோர் அதன் உலோகத்தையும் கண்ணாடியையும் மட்டுமே பெறுகின்றனர். அதன் மொழி விற்றவரிடமே நின்றுவிடுகின்றது. அம்மொழி மறைபொருளாய் உள்ளவரை, கருவியின் ஆயுளை வரையறுப்பவர் அதன் உடைமையாளர் அல்லர். புதுமையை எவராலும் தடுத்தல் இயலாது; தடுக்கவும் வேண்டுவதில்லை. ஆனால், ஆக்கியோர் ஒரு கருவியைக் கைவிடும் நாளில் அதன் மொழியின் இலக்கணத்தையேனும் உலகுக்கு விட்டுச் செல்வாராயின், பழுதற்ற பொருள்கள் குப்பைமேட்டை அடைதல் பெரிதும் குறையும்.