படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

எங்கள் வேலூர் லாங் பஜாரில் எந்தச் சரக்கு வந்தாலும் முதல் கேள்வி, "என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். 1960களில் சென்னையின் இளம் ஓவியர்களுக்கும் இதே கவலை. நவீன ஓவியத்தை வாங்க ஆளில்லை. அதை விற்றுத்தரும் காலரிகளும் அரிது. கல்லூரியை விட்டு வந்ததும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேட வேண்டும்.

அரசு கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒரு வழி கண்டார். ஓவியர்கள் சேர்ந்து பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கைவினை சோறு போட்டதால், வாங்குபவர் ரசனைக்காகப் படத்தை மாற்றி வரையும் கட்டாயம் இல்லை. தங்கள் படைப்புகளை அங்கேயே காட்சிக்கும் வைத்தார்கள். 1977இல் பணிக்கர் மறைந்தார், கிராமம் நிலைத்தது. 2009இல் அங்கே சமகாலக் கலைக்கான அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

என் பேத்தி ஓவியம் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் தயங்குகிறார்கள். படிக்கட்டும், கூடவே ஒரு கைத்தொழிலும் கற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.