கேபின் இல்லாமல் விற்கப்பட்ட லாரி

இந்தியச் சாலைப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவும் உற்பத்தி எண்ணிக்கையின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. ஓட்டுநர் அமரும் கேபினை யார் கட்டினார், அதன் வலிமையை யார் சோதித்தார் என்னும் கேள்விகள் அதில் அரிதாகவே எழுகின்றன.

1954இல் டாட்டா நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் எண்ணூரில் அசோக் லேலண்ட் உருவாயிற்று. அக்காலம் முதல் இந்திய லாரிகளுள் பல, கேபின் இல்லாத சேஸிஸாகவே விற்கப்பட்டு வந்தன. எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங், முகப்புத் தகடு ஆகியவற்றோடு ஆலையின் பொறுப்பு முடிந்தது. தற்காலிக இருக்கையொன்றில், காற்றுக்கும் வெயிலுக்கும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஓட்டுநர் அதைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்வார். பஞ்சாபின் சிர்ஹிந்த், தமிழகத்தின் நாமக்கல் போன்ற ஊர்களில் தச்சரும் வெல்டரும் மரச்சட்டத்தாலும் இரும்புத் தகட்டாலும் கேபினைக் கட்டினர்.

இதனைக் கைவினைஞரின் அறியாமை என்று ஒதுக்குவது தவறு. எஞ்சின் வெப்பம் உள்ளேயே பரவும் வண்டியில் மரம் தகட்டைவிடக் குறைவாகவே சுடும். நெடும்பயணத்தில் ஓட்டுநரும் கிளீனரும் மாறி மாறி உறங்க அகன்ற பலகை கிடைத்தது. பழுதானால் எந்த ஊர்த் தச்சராலும் சரிசெய்ய முடிந்தது. அக்கேபின் வெப்பத்துக்கும் உறக்கத்துக்கும் விடை கண்டது. மோதலுக்கு விடை காணுமாறு அதனிடம் எவரும் கேட்கவில்லை.

அக்கேள்வி வேறிடத்தில் எழுந்தது. ஸ்வீடன் 1960களின் தொடக்கத்திலேயே லாரிக் கேபின்களைக் கடும் மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. 1974இல் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 29ஆம் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள ஊசல் கேபினின் முகப்பில் மோதும்; கூரைமீது பெரும் சுமை ஏற்றப்படும். அதன்பின் ஓட்டுநர் உயிர்பிழைக்கப் போதிய இடம் உள்ளே எஞ்சியிருக்க வேண்டும். சோதனையின்போது கதவுகள் திறந்துகொள்ளக் கூடாது. எஞ்சினுக்கு மேலே கேபின் அமைந்த லாரியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் நசுங்குவதற்கென்று இடமே இல்லாததால், தூண்களின் உறுதியே அவருக்குக் காப்பு.

இவ்விதியைத் தழுவிய ஏ.ஐ.எஸ். 029 என்னும் தரநிலை இந்தியாவிலும் உண்டு. ஆயினும் இத்தகைய சோதனை ஓர் எடுகோளை உள்ளடக்கியது: ஒன்றை உடைத்துப் பார்த்தால் அதே அச்சில் வார்த்த ஆயிரத்துக்கும் அது சான்றாகும் என்பது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டப்படும் பட்டறைக் கேபினுக்கு இவ்வெடுகோள் பொருந்தாது. ஒன்று தாங்கியது என்பதால் மற்றொன்றும் தாங்கும் என்று சொல்ல இயலாது.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. நட்சத்திர மதிப்பீடு பயணியர் கார்களுக்கே உரியது. லாரியும் சரக்கு பிக்கப்பும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் 2025இல் கட்டாயமாயிற்று. கேபினின்றி விற்கப்படும் சேஸிஸுடன் அச்சாதனத்தைத் தனித்தொகுதியாக வழங்க வேண்டும் என்கிறது அவ்விதி. பழைய வணிகமுறை இன்னும் மறையவில்லை என்பதற்கு அரசின் ஆணையே சான்று.

ஆகவே இது தொழில்நுட்பத்தின் பின்னடைவு பற்றிய கதையன்று. ஆலைக்கும் பட்டறைக்கும் இடையே பொறுப்பு பிரிந்தபோது, ஓட்டுநரின் உடல் இருவரின் கணக்கிலும் சேராமல் போயிற்று. தொழிலாளர் வரலாற்றையும் தொழில்நுட்ப வரலாற்றையும் தனித்தனியே பயிலும் நம் துறைகளிலும் அவர் அவ்வாறே விடுபட்டுள்ளார். பட்டறைக் கணக்கேடுகளையும் விபத்து இழப்பீட்டு வழக்குகளையும் ஒருசேர வாசிக்கும் ஆய்வு மாணவர் அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கலாம்.