பல்லுக்குள் ஒரு மலாய் மரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் ராஜபாளையத்துப் பல் டாக்டருக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. சில வருஷம் முன்பு ரூட் கேனால் செய்த பல் மறுபடி விண் விண்ணென்று தெறிக்கிறது, போகிறீர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, 'பழைய ஃபில்லிங்கை எடுத்துட்டுத் திரும்பச் செய்யணும்' என்கிறார். உங்கள் உதட்டில் ஒற்றும் காஸ் துணி பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கலாம். ஆனால் பல்லின் வேரிலிருந்து இளஞ்சிவப்பாக இழை இழையாக வருகிறதே, அதன் பூர்வீகம் கடல் கடந்தது.

பெயர் கட்டா பெர்ச்சா. மலாயாக் காட்டு மரத்தின் பால். ரப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் இழுபடாது. வெந்நீரில் குழையும், ஆறினால் விறைக்கும். மலாய்க்காரர்கள் இதில் கத்திக்குப் பிடி செய்துகொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் மான்ட்கோமரி 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். வந்தது வினை! உப்புத் தண்ணீரில் கெடாது என்பதால் கடலடித் தந்திக் கம்பிக்கெல்லாம் இதுதான் உறை. 1851-இல் டோவர்-கலே, 1866-இல் அட்லாண்டிக், 1871-இல் நம் மெட்ராஸிலிருந்து பினாங் வழியாகச் சிங்கப்பூர். கீறினால் பால் சொற்பமாகத்தான் வரும் என்று மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள்.

1867-இல் அமெரிக்காவின் போமன் இதைக் கொண்டு பல்வேரை அடைத்தார். அதற்கு முன் தங்க ரேக்கைத் திணித்தவர்களும் உண்டு. கட்டா பெர்ச்சா நிலைத்ததற்கு ஒரு காரணம், வேண்டாமென்றால் வெளியே எடுத்துவிடலாம். (இதுவே 'ரஷ்யச் சிவப்பு' என்ற பிசின் அடைப்பாக இருந்தால் டாக்டருக்கே வியர்க்கும். இறுகிவிட்டால் எதிலும் கரையாது.)

எடுப்பது எப்படி? மேல்பகுதியைச் சூட்டில் இளக்கி, மெல்லிய ஃபைலைத் திருகி இறக்கி, இழுப்பார்கள். பிடிவாதம் பிடித்தால் இரண்டு சொட்டு குளோரோஃபாம். சினிமா வில்லன் கைக்குட்டையில் ஊற்றுவாரே, அதேதான். 1976-இல் அமெரிக்கா அதை மருந்துகளில் தடை செய்த பிறகு ஆரஞ்சு எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் என்றும் போனார்கள். அவை நிதானம்.

இதில் அவசரம் ஆகாது. அழுத்தினால் வேர்ச் சுவரில் ஓட்டை விழலாம், ஃபைல் உள்ளேயே ஒடியலாம், பல்லைப் பிடுங்குவதில் முடியலாம். பாதியில் விட்டாலோ, அடியில் பதுங்கிய கிருமி அங்கேயே குடியிருக்கும். எவ்வளவு சுரண்டினாலும் சுவரில் துளி ஒட்டியிருப்பதை நுண் சி.டி. படங்கள் காட்டுகின்றன. அதனால் இரண்டு மூன்று முறை வரச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

எல்லாம் சுத்தமானதும் டாக்டர் மறுபடி வைத்து அடைக்கப்போவது? பெரும்பாலும் அதே கட்டா பெர்ச்சாதான்.