பனியுள் உறையும் நீர்: ஒரு கணிப்பின் வரலாறு

துருவப் பனி உருகினாற் கடல் உயரும் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும், உருகிய நீர் முழுவதும் அவ்வாண்டே கடலைச் சென்றடைவதில்லை; ஒரு பகுதி பனியினுள்ளேயே தங்கிவிடுகின்றது. எவ்வளவு தங்கும், எத்துணைக் காலம் தங்கும் என்னும் வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் இலங்கைப் பொறியியலறிஞர் ஒருவரும் இடம்பெறுகின்றார். கடலோரப் புகையிரதப் பாதைக்கும் கால்வாய்க்கும் அருகே வெள்ளவத்தையில் வாழ்வோர்க்கு இவ்வினா அந்நியமானதன்று.

ஒரு கோடையைக் கடந்து எஞ்சும் பனி, தன்மேல் விழும் புதுப்பனியின் சுமையால் இறுகுகின்றது. இதனை இறுகுபனி எனலாம். அதன் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 830 கிலோகிராமை எட்டும்வரை உள்ளே துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மாரி மழையை உள்வாங்குவதுபோல, அத்துளைகள் உருகுநீரை உள்வாங்குகின்றன. ஆனால் குளிர்ந்த பனியிற் புகும் நீர் மீண்டும் உறைந்துவிடக்கூடும். ஒரு கிராம் நீர் உறைகையில் வெளிப்படும் 80 கலோரி வெப்பம், ஏறத்தாழ 160 கிராம் பனியின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தவல்லது. எனவே நீரோட்டத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே கணித்தல் இன்றியமையாததாகின்றது.

இக்கணிப்பின் வேர், மணலூடாக நீர் செல்லும் விதியை 1856இல் வெளியிட்ட பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சியிடம் உள்ளது. 1952 முதல் 1955 வரை கிறீன்லாந்துப் பனிப்பரப்பிற் பயணித்த கார்ல் பென்சன், உருகுநீர் ஊடுருவும் தன்மைக்கேற்ப அதனை வலயங்களாக வகுத்தார். இவ்விரு மரபுகளும் 1990 அளவில் கொலராடோவில் ஒன்றுகூடின. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, தரைக்கீழ் நீரியலில் வல்லுநரான திஸ்ஸ இலங்கசேகர, பனியாற்றியலறிஞர்களான மையர், பெபர் முதலியோருடன் இணைந்து, உறைநிலைக்குக் கீழுள்ள பனியில் உருகுநீர் ஊடுருவுவதற்கான கணித மாதிரியுருவை அமைத்தார். மண்ணுக்குரிய அறிவு பனிக்கும் பொருந்திற்று. இறுகுபனியின் வெற்றிடங்கள் நிரம்பிய பின்னரே உருகுநீர் கடல்நோக்கி வழியும். ஆதலின் கிறீன்லாந்தினாற் கடல் உயர்வது தாமதப்படும் என அவர்களின் 1991ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிற்று.

எனினும், இயற்கை மற்றொரு வியப்பை வைத்திருந்தது. 2011ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், உருகும் பருவம் தொடங்குமுன்னரே, தென்கிழக்குக் கிறீன்லாந்திலே துளையிட்ட ஆய்வாளர் உறையாத நீரைக் கண்டனர். அங்கு மிகுதியாகப் பொழியும் பனி போர்வையாகி, மாரிக்குளிர் உட்புகாது காத்திருந்தது. அந்நீர் ஏறத்தாழ 14,000 கோடி தொன் என 2014இல் மதிப்பிடப்பட்டது. முழுவதும் கடலை அடைந்தாலும் கடல்மட்டம் 0.4 மில்லிமீற்றரே உயரும். அளவு சிறிதே, ஆயின் தங்கிய நீர் உறைந்தே தீரும் எனக் கொள்ளலாகாது என்பதை அது உணர்த்திற்று. உறையாத நீர் பனிப்பிளவுகள் வழியே வெளியேறவும் கூடும்.

பனி நமக்கு அளிப்பது விடுதலையன்று, தவணையே. பனிக்கட்டியால் ஒருமுறை அடைபட்ட துளைகள் மறுபடி நீரேற்கமாட்டா. அத்தவணையின் நீளத்தை அளக்கும் இக்கணிப்பு, தாழ்ந்த கரைகளில் வாழும் நம்மவர்க்கும் உரிய கல்வியாகும்.