13 பக்கக் கட்டுரைகள் இரண்டு: மணி சாண்டியும் மேற்கோள் கணக்கும்

ஒரு ஆராய்ச்சியாளர் எவ்வளவு பெரியவர் என்பதை இன்று ஒரு எண்ணை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்குதான் அது. அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1960-களில் இந்தக் கணக்கைத் தொகுத்து வெளியிட ஆரம்பித்தார். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இன்டெக்ஸ் கொண்டு வந்தார். குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 10 இருந்தால் எச்-இன்டெக்ஸ் 10.

இந்த எண் முழு உண்மையைச் சொல்கிறதா? சென்னையில் படித்த ஒருவரின் கதையை வைத்துப் பார்ப்போம்.

கே. மணி சாண்டி கேரளத்தில் பிறந்தவர். 1965-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தார். அப்போது அந்தக் கல்லூரிக்கு வயது ஆறுதான். 1969-ல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்று, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்தினார்கள். ஆள் கூடினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வேகமான டிஸ்க் வாங்கினால் பலன் உண்டா? இவற்றை மெஷின் வாங்கும் முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

மூலக்குளத்திலிருந்து ஜிப்மர் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, திரும்பவும் டாக்டர், பிறகு மருந்து. புது நோயாளி போகும் வழி வேறு, பழைய நோயாளி போகும் வழி வேறு. கம்ப்யூட்டருக்குள்ளும் வேலைகள் இப்படித்தான் பிராசசருக்கும் டிஸ்குக்கும் மாறி மாறி வரிசையில் நிற்கின்றன.

வரிசைகளின் வலைப்பின்னலுக்கு ஜாக்சன் என்பவர் 1957-லேயே வழி சொல்லியிருந்தார். ஆனால் அதில் எல்லா வேலைகளும் ஒரே மாதிரி. பல வகை வேலைகள் கலந்து வந்தாலும் விடை காணும் வழியை 1975-ல் பாஸ்கெட், சாண்டி, முன்ட்ஸ், பலாசியோஸ் நால்வரும் வெளியிட்டார்கள். மொத்தம் 13 பக்கம். நால்வரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'பி.சி.எம்.பி. வலைப்பின்னல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

இங்கேதான் மேற்கோள் கணக்கு தடுமாறுகிறது. ஒரு கருத்து பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் மூலக்கட்டுரையைத் தேடி யாரும் போவதில்லை; பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புகழ் கூடக் கூட மேற்கோள் குறையவும் செய்யலாம்!

சாண்டியின் இன்னொரு கட்டுரை 1985-ல் லெஸ்லி லாம்போர்ட்டுடன் சேர்ந்து எழுதியது. அதுவும் 13 பக்கம்தான். ஒரு வங்கியின் பல கிளைகளுக்கு இடையே பணம் போய்க்கொண்டே இருக்கிறது. எந்தக் கிளையையும் மூடாமல் மொத்தப் பணத்தை எண்ண முடியுமா? ஒரு கிளையில் எண்ணி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் அதே பணம் அங்கே வந்து சேர்ந்தால் இரண்டு முறை எண்ணிவிடுவோம். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது வரும் இதே சிக்கலை அந்தக் கட்டுரை தீர்த்தது. சாண்டி கேட்ட கேள்விக்கு மறுநாள் காலை விடையோடு போனால், அவரும் அதே விடையோடு காத்திருந்தார் என்று லாம்போர்ட் எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்டுரைக்கு டைக்ஸ்ட்ரா பரிசு கிடைத்தது 2014-ல். 29 வருடம் கழித்து! ஓடிக்கொண்டே இருக்கும் தகவல்களைக் கையாளும் அப்பாச்சி ஃபிளிங்க் என்ற மென்பொருள் அந்த முறையைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறது. 1985-ல் அப்படி ஒரு மென்பொருளை யாரும் நினைத்திருக்க முடியாது.

நம் நாட்டில் பி.எச்டி. முடிக்க ஜர்னல் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022-ல்தான் எடுத்தது. அதற்காக எண்ணும் பழக்கம் போய்விடவில்லை. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இன்னும் எண்ணுகிறார்கள். மேற்கோள் எண் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சாண்டியின் இந்த இரண்டு கட்டுரைகளுமே ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டவைதான். ஆனால் அந்த எண் வளர்ந்தது பல வருடங்களில். வெளியான மறுவருடமே எண்ணிப் பார்த்து ஒரு இளைஞரின் வேலையை எடை போட்டால் அது நியாயமான தராசு இல்லை.

அடுத்த முறை ஒருவருடைய எச்-இன்டெக்ஸைப் பார்த்தால், அதோடு நிறுத்தாமல் ஒரு கட்டுரையையாவது திறந்து படித்துப் பாருங்கள். சில சமயம் 13 பக்கம்தான் இருக்கும்.