ஷகீகா: வலிக்குப் பெயரிட்டோரின் வரலாறு

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பெரும்பாலும் இராஜகிரியின் உச்சியையே நாடுவர். கீழ்க்கோட்டையில் அமைதியாக நிற்கும் சஆதத்துல்லாகான் பள்ளிவாசல் பலருடைய பார்வையில் படுவதில்லை. 1714ஆம் ஆண்டு அக்டோபரில் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் வீழ்ந்தபின், ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகான் 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசல் அது. அதற்கு முன்னரே 1649இல் பீஜப்பூர் படைகளும், 1677இல் சிவாஜியும், ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார்கானும் இக்கோட்டையைக் கைப்பற்றியிருந்தனர். மராட்டியர் போர்த்தல நிலப்பரப்புகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் செஞ்சி இடம்பெற்றது. வென்றோர் பெயர்கள் யாவும் வரலாற்றில் உள்ளன. முற்றுகைக் காலத்தில் நோயுற்று நொந்தோரின் பெயர்களோ எங்கும் இல்லை.

இவ்வெண்ணம் நமக்குத் தானாகத் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர்களை அக்கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவர்களுள் ஒருவர் மலையேற மறுத்து, பள்ளிவாசலின் நிழலில் தலையைப் பிடித்தவாறு அமர்ந்துவிட்டார். வகுப்பிலும் மாதத்தில் பல நாள்கள் அவ்வாறே தலைவலி எனச் சொல்லிப் பாடத்தைத் தவறவிடுபவர் அவர். சோம்பலுக்குத் தலைவலி ஒரு சாக்கு என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டோம். "வெளிச்சம் தாங்கவில்லை, ஹஜ்ரத்" என்று மட்டும் அவர் சொன்னார். சற்று நேரத்தில் வாந்தியெடுத்தார். அன்று நாம் செய்தது பிழை. அப்பிழையை உணர்ந்தபின், தலைவலியைப் பற்றி நம் முன்னோர் என்ன எழுதினர், இன்றைய ஆய்வு என்ன கூறுகிறது என்று தேடலானோம். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

பெயரில் உள்ள செய்தி

ஒற்றைத் தலைவலியை அரபு மருத்துவ நூல்கள் ‘ஷகீகா’ என்று குறிக்கின்றன. ‘பிளந்தான்’ எனப் பொருள்படும் ‘ஷக்க’ என்னும் வினையினடியாகப் பிறந்த சொல் இது. ஒன்றை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பாதியே ஷகீகா. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் (காலன்) பயன்படுத்திய ‘ஹெமிக்ரானியா’ என்பதற்கும் ‘பாதி மண்டை’ என்றே பொருள். அச்சொல்லே இலத்தீன் வழியாகத் தேய்ந்து இன்றைய ‘மைக்ரேன்’ ஆயிற்று. தமிழரும் ஒற்றைத் தலைவலி என்றனர். தலையின் ஒரு பக்கத்தில் எழும் வலியை மூன்று மொழியினரும் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டனர் என்பது இதனால் விளங்கும். எனினும் இந்நோய் எல்லோருக்கும் எப்போதும் ஒருபக்கமாகவே வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெயரிடுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர் இப்னு ஸீனா (980–1037). ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் தமது பெருநூலின் முதற் பகுதியில் அவர் வலியைப் பதினைந்து வகையாகப் பகுத்தார். குத்தும் வலி ‘நாகிஸ்’, அழுத்தும் வலி ‘ளாகித்’, துளைக்கும் வலி ‘ஸாகிப்’, நாடித்துடிப்போடு விண்விண்ணென்று தெறிக்கும் வலி ‘ளரபானீ’, பாரமாக அமரும் வலி ‘ஸகீல்’, மரத்துப்போகச் செய்யும் வலி ‘கதிர்’ என அப்பட்டியல் நீள்கிறது. நோயாளி தம் வலியை எச்சொல்லால் விவரிக்கிறார் என்பதிலிருந்தே மருத்துவர் அதன் காரணத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்பது இப்பகுப்பின் உட்கிடை.

அந்நூலின் மூன்றாம் பகுதி தலையின் நோய்களில் தொடங்குகிறது. அங்கு ‘பைளா’, ‘கூதா’ என்னும் பெயர்களால் ஒரு நாட்பட்ட தலைவலி விவரிக்கப்படுகிறது. இரண்டும் படைவீரரின் இரும்புத் தலைக்கவசத்தைக் குறிக்கும் சொற்கள். கவசம் போலத் தலை முழுவதையும் கவ்வும் இவ்வலி உடையவர் ஒளியையும் ஓசையையும் மனிதர் பேச்சையும் வெறுப்பார், இருளையும் தனிமையையும் நாடுவார், சிறு காரணத்தாலும் வலி கிளர்ந்தெழும் என்று இப்னு ஸீனா எழுதினார். பள்ளிவாசல் நிழலில் ஒதுங்கிய நம் மாணவரின் நிலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருந்தார். அரபு நூல்களோடு வாழும் நாம் அதனைப் படிக்கத் தவறியிருந்தோம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வலியை அளக்க ஒரு வினாநிரலை வெளியிட்டார். அதில் வலியைக் குறிக்கும் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. நோயாளி தமக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்து கூற வேண்டும். உலகெங்கும் மருத்துவ ஆய்வுகளில் இந்நிரல் பயன்படுத்தப்பட்டு வருகிறது. இப்னு ஸீனாவைப் பார்த்து இது செய்யப்பட்டது என்று நாம் வாதிட வரவில்லை. வலியுற்றவரின் சொல்லே வலியை அறியும் முதல் வழி என்னும் முடிவுக்கு இருவரும் வந்தனர் என்பதே இங்கு நோக்கத்தக்கது. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், தெறிப்பு, இடி, பாரம் என நம் தமிழிலும் இதற்கான சொல்வளம் குறைவன்று. கேட்பதற்கு ஆளில்லை என்பதே குறை.

நபிமொழியும் அதன் விளக்கமும்

நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் இருந்தபோது, தமக்கு ஏற்பட்டிருந்த ஷகீகாவின் காரணமாகத் தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்னும் செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் புகாரி (ரஹ்) தமது நூலின் மருத்துவப் பகுதியில் பதிவு செய்துள்ளார்கள். இச்செய்தியைப் பெரும்பாலோர் ஹிஜாமாவின் சிறப்புக்குச் சான்றாக மட்டுமே எடுத்துரைக்கின்றனர். அதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. அண்ணலாரே ஒற்றைத் தலைவலியால் வருந்தினார்கள், அதை மறைக்கவில்லை, அதற்கு மருத்துவம் நாடினார்கள். எனவே தலைவலியால் துன்புறுவோரைச் சோம்பேறி என்றோ ஈமான் குறைந்தோர் என்றோ கருத நமக்கு யாதோர் உரிமையும் இல்லை.

ஹிஜாமாவைப் பொறுத்தவரை நடுநிலையான சொல் ஒன்று தேவைப்படுகிறது. ஒற்றைத் தலைவலிக்கு அது பயன்தருமா என நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றைக் கொண்டு உறுதியான முடிவு கூற இயலாது. நபிவழி என அதனை மதிப்பது வேறு. எல்லாத் தலைவலிக்கும் அதுவே போதும் என விலைகூறுவது வேறு. கி.பி. 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) தமது நபிவழி மருத்துவப் பகுதியில் தலைவலியின் காரணங்களைப் பலவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். மருதாணி பற்றிய அறிவிப்பை விளக்கும்போது, அம்மருந்து தலைவலியின் ஒரு வகைக்கே உரியது, எல்லா வகைக்குமன்று எனத் தெளிவுறுத்துகிறார்கள். வகை பிரித்து அறிதலே அவர்களுடைய நெறி.

நம் மரபிலுள்ள யாவும் இன்று கைக்கொள்ளத்தக்கவை என்பதும் நம் கருத்தன்று. அறுவை மருத்துவத்தின் மூதறிஞரான அந்தலூசியாவின் அஸ்ஸஹ்ராவி (936–1013), தீராத ஷகீகாவுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடுவதையும், நெற்றிப்பொட்டைக் கீறி உள்ளே பூண்டுப் பல்லை வைப்பதையும் எழுதியுள்ளார். இன்று எவரும் அதைச் செய்யத் துணியார். அவர் மீது நமக்குள்ள மதிப்பு அதனால் குன்றுவதுமில்லை.

ஒரு வேரின் பயணம்

யூனானி மரபின் தேடல் இன்றைய தலைவலி மருத்துவத்தோடு நேரடியாகச் சந்தித்த இடம் ஒன்று உண்டு. தில்லி திப்பிய்யாக் கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல்கான் (1868–1927), பழைய மருந்துகளைப் புதிய வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்னும் கொள்கையுடையவர். அவர் தொடங்கிய ஆய்வகத்தில் பணியாற்றிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கி (1897–1994), சர்ப்பகந்தா எனப்படும் மூலிகையின் வேரிலிருந்து 1931இல் சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, தம் புரவலரின் நினைவாக அவற்றுக்கு அஜ்மலின், அஜ்மலிசின் எனப் பெயரிட்டார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை உலக மருத்துவர்களுக்கு எடுத்துக்காட்டினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்பின் உடலிலுள்ள செரட்டோனின் என்னும் பொருளின் இருப்பை வெளியேற்றிக் குறைத்துவிடுகிறது என 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். 1960இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒற்றைத் தலைவலி உடையோர்க்கு ரெசர்பின் செலுத்தினால் தலைவலி எழுவதையும், செரட்டோனினைச் செலுத்தினால் அது தணிவதையும் காட்டியது. செரட்டோனினை அப்படியே மருந்தாக்கப் பக்கவிளைவுகள் இடந்தரவில்லை. ஆகவே அதன் குறிப்பிட்ட ஏற்பிகளில் மட்டும் செயற்படும் பொருளைத் தேடினர். அத்தேடலின் முடிவில் 1991இல் சுமட்ரிப்டான் என்னும் மருந்து நடைமுறைக்கு வந்தது. தில்லி ஆய்வகத்தில் ஆராயப்பட்ட வேர், அறுபது ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு சென்றது. ஹகீமின் குறிப்பேட்டில் இருந்ததை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் இது நிகழ்ந்திராது.

அடுத்த படி நரம்புகளில் தொடங்கிற்று. முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முனைகள், வலியின்போது சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதத் துணுக்கை வெளியிடுகின்றன. வலி எழுந்திருக்கும் வேளையில் நோயாளியின் கழுத்துச் சிரை இரத்தத்தில் அத்துணுக்கு மிகுவதை 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் கண்டறிந்தனர். அதனைத் தடுக்கும் எதிர்ப்புரத ஊசிமருந்துகளுள் முதலாவது 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்துறையில் வழிகாட்டிய நால்வருக்கு 2021இல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது. இவை விலை மிகுந்தவை; நம் சிற்றூர் மக்களின் கைக்கு எட்டாதவை. ஆயினும் புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளும், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொண்டால், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருவதைக் குறைக்க உதவுகின்றன.

நம்மூர்த் துன்பம்

பெங்களூர் சுற்றுவட்டாரத்தில் 2,329 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஓராண்டுக்குள் தலைவலி கண்டோர் நூற்றுக்கு 63.9 பேர் எனவும், ஒற்றைத் தலைவலி உடையோர் நூற்றுக்கு 25 பேர் எனவும் தெரியவந்தது. பெண்களிடமே இது மிகுதி. சமையலும் பிள்ளைகளும் நிற்க இடமின்றி, நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரும் தாய்மார்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுள் எத்தனை பேரிடம் வலி எத்தகையது எனக் கேட்டிருக்கிறோம்?

கேட்பார் இல்லாதபோது மாத்திரையே துணையாகிறது. நம் மாணவரும் மாதக்கணக்கில் கடையில் தாமே மாத்திரை வாங்கி ஏறத்தாழ நாள்தோறும் விழுங்கி வந்தார் என்பது பின்னரே தெரிந்தது. சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, கலவை மருந்துகளையும் டிரிப்டான்களையும் 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால் அம்மருந்தே தலைவலியை வளர்க்கும் என்பதை இன்றைய மருத்துவம் உறுதிப்படுத்தியுள்ளது. அவரைப் பரிசோதித்த மருத்துவர் அம்மாத்திரைகளை நிறுத்தி, தடுப்பு மருந்தொன்றைத் தொடங்கினார். வலி வரும் நாள், நேரம், தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னார். முதல் சில வாரங்கள் கடினமாகக் கழிந்தன. பின்னர் வலி வரும் நாள்கள் குறைந்தன. முற்றிலும் நீங்கிவிட்டது எனச் சொல்வதற்கில்லை. ஆனால் அவர் பாடத்தை முடித்துப் பட்டம் பெற்றார்.

திடீரென இடிபோல் எழும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவது ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி எனத் தாமே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும் என்பதையும் இங்குச் சொல்லிவைக்கிறோம்.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலிக்குரிய தன் வரையறையைத் திருத்தியது. ஒருவர் தமக்கு வலிக்கிறது எனக் கூறினால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்பதை அவ்வரையறையின் விளக்கக் குறிப்புகளுள் ஒன்றாக அது சேர்த்தது. பதினைந்து வகை வலிகளுக்குப் பெயர் தேடிய இப்னு ஸீனாவுக்கு அது புதிய செய்தியாக இருந்திராது. நமக்கே அது புதிதாக இருந்தது. முன்னோரின் நூல்களைக் காப்பது நம் கடமைதான். அவர்கள் எழுதிய மருந்துகளை விட, நோயாளியின் அருகே அமர்ந்து வகை பிரித்து வினவிய அவர்களின் பண்பே நாம் முதலில் பெற வேண்டிய சொத்து.

இப்போதும் ஆண்டுதோறும் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் செல்கிறோம். மலையேற இயலாது என எவரேனும் சொன்னால், பள்ளிவாசலின் நிழலில் அமரச் செய்து, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்கிறோம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக!